அப்பத்தா ஒதுக்கி வைத்த வெற்றிலை

மாசி மகா சிவராத்திரிக்குப் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் செல்வது எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் வழக்கம். மதுரை ஆரப்பாளையத்தில் குடியேறி ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஒரு வருடம்கூட விட்டதில்லை. இந்த முறை மகளுக்கு முடியிறக்கிக் காது குத்த வேண்டியிருந்தது. பத்திரிகையில் பெரியவர்களின் பெயர்களை முறைப்படி போட வேண்டும் என்பதற்காக, மூன்று மாதங்களுக்கு முன்பே அய்யாவின் தகரப் பெட்டியிலிருந்த பழைய நிலப் பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு தலைமுறை வரிசையைக் காட்டும் கொடிவழியை எழுதத் தொடங்கினேன்.

எங்கள் பக்கத்தில் அது எளிதான வேலை அன்று. பிள்ளைகளுக்குக் குலசாமியின் பெயரைத்தான் வைப்பார்கள். சீயான் என்று நாங்கள் அழைக்கும் தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் சூட்டுவார்கள். அதனால் பத்திரத்துக்குப் பத்திரம் ஒச்சுத்தேவர் என்றே இருக்கும். எந்த ஒச்சுத்தேவர் என்பதை நிலத்தின் நான்கெல்லையைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். இந்தப் பெயர்களுக்கு நடுவே, அப்பத்தாவின் பிறந்த வீட்டு வழியில் ஒருவருக்கு மட்டும் ரோசாப்பு என்று பெயர் இருந்தது. குலசாமியோடு தொடர்பில்லாத இந்தப் பெயர் ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படி வந்தது என்று அய்யாவிடம் கேட்டேன். "கோயிலுக்கு உங்க அப்பத்தாவோட தம்பி வருவாரு, அவரக் கேளு" என்று சொல்லிவிட்டார்.

சிவராத்திரியன்று உசிலம்பட்டி சின்னக் கருப்பசாமி கோயிலிலிருந்து சாமிப் பெட்டிகள் பாப்பாபட்டிக்குப் புறப்படும். அம்மனின் ஆபரணங்களும் பூசைப் பொருட்களும் அடங்கிய அந்தப் பெட்டிகளையே நாங்கள் சாமியாகக் கும்பிடுகிறோம். மணியோசை காதில் விழுந்ததும் பேச்சு நின்று, சாலையோரம் நின்ற பெண்கள் குலவையிட, தோளில் பெட்டி ஏந்தி வருபவர்களுக்கு வழிவிட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மடியில் உறங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி நிறுத்திக் கைகூப்பச் செய்தேன். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் என் கண்கள் கலங்காமல் இருந்ததில்லை.

பெட்டி வந்த பிறகு பொங்கல் வைத்துப் படைத்தோம். அப்பத்தா உயிரோடு இருந்தவரை, சாமிக்குப் படைத்தது போக, வாழையிலைத் துண்டு ஒன்றில் இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு பிடி பொங்கல் எடுத்துத் தனியே மரத்தடியில் வைப்பார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளாமல், நுனி கிழக்கே பார்க்கும்படி நீவி நீவி வைப்பார். யாருக்கு என்று சிறுவயதில் கேட்டால், "பட்டவுகளுக்கு" என்பதோடு வாயை மூடிக்கொள்வார். இப்போது அதை என் மனைவி செய்கிறாள். அவள் இலையை வைத்ததைப் பார்த்த தாத்தா, எண்பது வயதைக் கடந்த அப்பத்தாவின் தம்பி, என்னை அருகில் அழைத்து உட்கார வைத்தார்.

"இது எங்க பெரியய்யாவுக்குடா. ரேக வைக்க மாட்டோம்னு நின்னு குண்டடி பட்டவரு."

அப்பத்தாவின் பிறந்த ஊர் பெருங்காமநல்லூர். பிறந்த குலத்தையே குற்றமாக்கி, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வைத்து, வெளியூர் போவதற்கு ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்கச் சொன்ன, வெள்ளையர் ஆட்சியின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். அதற்குப் பணிய மறுத்த அந்த ஊரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பதினாறு பேரில் ஒருவர் என் அப்பத்தாவுக்குப் பெரியய்யா என்பதை நாற்பத்தாறாவது வயதில், கோயில் மரத்தடியில்தான் அறிந்தேன். ரேகை என்ற சொல்லே பிள்ளைகள் காதில் விழக் கூடாது என்று அப்பத்தா நினைத்திருக்க வேண்டும். அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் சொல்லியிருக்கலாம் என்றே என் மனம் அடித்துக்கொள்கிறது.

ரோசாப்பு என்ற பெயருக்கும் அன்று விடை கிடைத்தது. எங்கள் மக்களுக்காக வழக்காடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று ஊரார் அழைத்தார்கள். அந்த நன்றியில்தான் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். கேரளத்துச் செங்கண்ணூரில் பிறந்த ஒருவரின் பெயர், குலசாமிப் பெயர்களுக்குச் சமமாக எங்கள் கொடிவழியில் ஏறியிருப்பதை நினைத்து நெடுநேரம் பேச்சின்றி அமர்ந்திருந்தேன்.

மறுநாள் காலை தாய்மாமன் மடியில் வைத்து மகளுக்குக் காது குத்தி முடிந்ததும், மதுரைக்குத் திரும்பாமல் தாத்தாவையும் ஏற்றிக்கொண்டு பெருங்காமநல்லூர் சென்றோம். நினைவுத் தூணின் அடியில் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். பூசாரி கொடுத்த திருநீற்றையும் அம்மனுக்குச் சாத்திய மாலையில் ஒரு கண்ணியையும் அங்கே வைத்தேன். என் மனைவி காம்பு கிள்ளாத இரண்டு வெற்றிலைகளைக் கொண்டுவந்திருந்தாள். "ரெண்டு பத்தாதும்மா, பதினாறு பேரு" என்றார் தாத்தா. ஊருக்குள் இருந்த கடைக்குப் போய் ஒரு கவுளி வெற்றிலை வாங்கி வந்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு வீதம், மாயக்காளுக்கு முதலில் வைத்து வணங்கினோம்.

எங்கள் பெரியவரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஒருவர் பெயரை மட்டும் எடுத்துச் சொல்லாதே, பதினாறு பேரையும் சேர்த்தே சொல் என்று தாத்தா கேட்டுக்கொண்டார். வீட்டிலிருக்கும் கொடிவழித் தாளில் மட்டும் அவருக்குரிய இடத்தில் எழுதி, பக்கத்தில் திருநீறு இட்டிருக்கிறேன். வருகிற ஏப்ரல் 3-க்கு மறுபடியும் போவதற்கு இப்போதே வேன் சொல்லியாகிவிட்டது.