குன்னூர் பின்னல் நாட்குறிப்பு

19 அக்டோபர் 2024

கேபிள், அதாவது கயிறு முறுக்கின மாதிரிப் பின்னல், வைத்த ஸ்வெட்டர் ஒன்று பின்னித் தரச் சொல்லி இன்று ஒரு பெங்களூர் அம்மா கேட்டார். 2,500 ரூபாய் தருவாராம். முடியாது என்றேன். உல்லனுக்கே 900 போய்விடும். மீதி 1,600க்கு ஐம்பது மணி நேர வேலை, மணிக்கு 32 ரூபாய். எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அக்காவின் கூலி இதைவிட மேல். பெங்களூர் அம்மா மேலும் தப்பில்லை. ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர் கடைகளில் லூதியானா மெஷின் ஸ்வெட்டர் சல்லிசாகக் கிடைக்கும்போது அவர் ஏன் அதற்கு மேல் தர வேண்டும்?

கான்வென்டில் சிஸ்டர் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து பின்னுகிறேன். இனி ஸ்வெட்டரை விற்கப் போவதில்லை. அதைப் பின்னும் முறையை எழுதி விற்கப் போகிறேன். 2007இல் ராவெல்ரி என்ற பின்னல் இணையதளம் வந்த பிறகு உலகம் முழுக்கப் பெண்கள் அப்படித்தான் பேட்டர்ன் விற்கிறார்கள். ஒருமுறை எழுதினால் போதும், எத்தனை பேர் வேண்டுமானாலும் வாங்கலாம்.

27 அக்டோபர்

ஸ்வாட்ச், அதாவது அளவு பார்க்கும் மாதிரித் துண்டு, போட்டேன். துவைத்துக் காயவைத்துத்தான் அளக்க வேண்டும். ஆனால் குன்னூரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கைக்குட்டையே காயாது! சமையலறையில் கயிறு கட்டிப் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஈரம்.

துவைக்காமல் அளக்கலாமே என்கிறார் வீட்டுக்காரர். 10 செ.மீ.க்கு 22 ஸ்டிச் (கண்ணி) என்று கணக்குப் போட்டு 220 ஸ்டிச் ஏற்றினால் உடம்புச் சுற்று 100 செ.மீ. துவைத்ததும் நூல் நெகிழ்ந்து 20 ஸ்டிச் ஆகிவிட்டால் அதே சட்டை 110. மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய மெரினோ ஆட்டுக் கம்பளி இப்படித்தான் பெருகும். அக்ரிலிக் அவ்வளவு ஏமாற்றாது. என் வீட்டு ஆளுக்குப் பின்னும்போது ‘கொஞ்சம் லூஸாக இருக்கட்டும்’ என்று விடலாம். காசு கொடுத்து பேட்டர்ன் வாங்கியவளிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

10 நவம்பர்

இந்த வாரம் ஊசியையே தொடவில்லை. எக்செல்தான். மார்பளவு 75 செ.மீ. முதல் 150 செ.மீ. வரை எல்லா சைஸும் ஒரே பேட்டர்னில் வர வேண்டும். மார்பு இரட்டிப்பானால் தோளும் இரட்டிப்பாகுமா? ஆகாது. எலும்பு அப்படி வளராது. முதுகின் மேல்பக்கம் சில அங்குலம்தான் கூடும். மேல்கை நன்றாகவே பெருக்கும். ஆர்ம்ஹோல் ஆழம் மெதுவாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

பின்னல் புத்தகங்கள் எழுதிய எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) ஒரு சதவீத முறை சொல்லியிருக்கிறார். உடம்பின் ஸ்டிச் 100 என்றால் மணிக்கட்டு 20, மேல்கை 33 அல்லது 35, கழுத்து 40. என் பெண்ணுக்கு எத்தனையோ ஸ்வெட்டர் இந்த முறையில் பின்னியிருக்கிறேன், கச்சிதம். ஆனால் 150 செ.மீ. உடம்புக்கு 40 சதவீதம் என்றால் கழுத்து 60 செ.மீ. தோளில் நிற்காது, வழுகி இறங்கிவிடும். நடுத்தர உடம்புக்கு அருமையான முறை. பெரிய சைஸுக்கு அதை அப்படியே நீட்டும் டிசைனர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

இதில் கேபிள் வேறு. என்னுடையது 12 ஸ்டிச்சுக்கு ஒருமுறை திரும்பி வரும். 216 வைத்தால் 98 செ.மீ., அடுத்து 228, அதாவது 103.6. எனக்கு வேண்டியது 100. அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு பர்ல் (புரட்டிப் போடும் ஸ்டிச்) சேர்த்தேன். 220. சரியாக உட்கார்ந்தது. ஒரு பகல் முழுக்க இதற்கே போயிற்று, ஆனால் பரம சந்தோஷம்.

24 நவம்பர்

நீலகிரி ஆட்டுக் கம்பளியில் செய்தால் என்ன என்று ஓர் ஆசை. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகள் கலந்து உருவான இனம், கம்பளி மெல்லியது. ஆனால் ஆடுகள் குறைந்துவிட்டன. நான் வாங்கும் கடைகளில் லூதியானா நூல்தான். இப்போதைக்கு ஆசையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

15 டிசம்பர்

திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளும் நிட்வேர் டிசைனர்தான். வட்ட மெஷினில் ஓடும் பருத்தித் துணி, துணியின் எடையைச் சொல்லும் ஜிஎஸ்எம், எப்படித் தைக்க வேண்டும் என்று அளவுகளோடு எழுதி பையருக்கு அனுப்பும் டெக் பேக் என்று அவள் உலகமே தனி. “அத்தை, நீங்க எழுதறதும் டெக் பேக்தானே? எனக்கு ஃபேக்டரி, உங்களுக்கு யாரோ ஒரு அம்மா வீட்டு சோபா” என்றாள். கெட்டிக்காரி. அவளிடம் சைஸ் அட்டவணை போடும் விதத்தைக் கேட்டுக்கொண்டேன். அவளுக்குக் கேபிள் திருப்பச் சொல்லிக்கொடுத்தேன், இரண்டு வரிசையில் அலுத்துவிட்டாள்.

12 ஜனவரி 2025

பேட்டர்னை விற்கும் முன் பின்னிப் பார்த்துச் சொல்லும் டெஸ்ட் நிட்டர்களிடமிருந்து கேள்விகள். “கழுத்துக்கு ஸ்டிச் எடுக்கச் சொல்கிறீர்கள், எந்தத் தோளில் ஆரம்பிக்க?” எனக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை. கை தானாகப் போகும். என் கையைப் பார்த்து மறுபடி பின்னிப் பார்த்துவிட்டு, இடது தோளின் பின்பக்கம் என்று எழுதினேன். இப்படி வரிக்கு வரி.

டெஸ்ட் நிட்டர்களுக்குப் பணம் தருவது வழக்கமில்லை, பேட்டர்ன் இலவசம், அவ்வளவே. எனக்கு உறுத்துகிறது. 32 ரூபாய்க் கணக்குப் போட்டு ஆர்டரை மறுத்தவள் நான். வசதி வந்ததும் நூல் செலவையாவது கொடுத்துவிட வேண்டும்.

2 பிப்ரவரி

எண்களைச் சரிபார்க்கும் டெக் எடிட்டருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுத்தாயிற்று. இரண்டாவது பெரிய சைஸில் கை ஒடுங்குவதற்காக ஸ்டிச் குறைக்கும் வரிசைகள் கையின் நீளத்துக்குள் அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆறு வரிசைக்கு ஒருமுறை என்பதை ஐந்தாக்கினால் சரியாகும். ஆனால் ஐந்து ஒற்றைப்படை. குறைப்பு ஒருமுறை நேர்ப்பக்கமும் மறுமுறை பின்பக்கமும் விழும், யாருக்கும் பிடிக்காது. நாலும் ஆறும் மாற்றி மாற்றிப் போடுகிறேன். நாளை அந்தக் கையை மட்டும் பின்னிப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.