வேனா, வியாழக்கிழமையா?

எங்கள் மனநல மையத்தின் மானியத்தைக் குறைப்பது பற்றிய கூட்டம் அது. முழுக்க மலாயில்தான் நடந்தது. அந்த ஒரு கேள்வியை மட்டும் அதிகாரி தமிழில் கேட்டார். "ரெண்டுல எது முக்கியம்னு நீங்களே சொல்லுங்க அக்கா. அதைக் காப்பாத்தப் பார்க்கிறேன்." நான் யோசிக்கவே இல்லை. வேன் என்றேன்.

பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பிளாட்டுகளில் இருந்து ஆட்களை எங்கள் மையத்துக்கு ஏற்றி வருவது அந்த வேன். மாத ஊசி நாளில் ஆஸ்பத்திரிக்கும் அதுதான். இன்னொன்று, வியாழக்கிழமை இரவு குடும்பத்தாருக்கு நடந்த கூட்டம். டீ, பிஸ்கட், ஓர் ஆலோசகரின் அலவன்ஸ், அவ்வளவுதான் செலவு.

மனச்சிதைவு உள்ளவருக்கு ஊசி தவறினால் முதலில் தூக்கம் போகும். அப்புறம் குளிக்க மாட்டார், கதவைத் திறக்க மாட்டார், கடைசியில் வார்டு. வியாழக்கிழமை ஓர் அம்மா வந்து அழாமல் போனால் யாரும் வார்டுக்குப் போவதில்லை. அன்று என் மனசில் ஓடியது இதுதான். இன்றும் அதில் பெரிய தப்பு தெரியவில்லை.

ஆனால் உடன் வேலை செய்யும் தோழி விடவில்லை. "அவங்க கேட்டா நீங்க ஏன் தேர்ந்தெடுக்கணும்? வெட்டினது நீங்கன்னு ஆகிப்போச்சே." கூட்டக் குறிப்பு வந்தபோது பார்த்தேன். 'மையத்தின் பரிந்துரைப்படி' என்றுதான் இருந்தது.

தேர்ந்தெடுக்க மறுத்திருந்தால்? இரண்டுமே போயிருக்கலாம். சுகாதாரம் அரசமைப்புப்படி மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே உள்ளூரில் கிடைக்கும் காசு யாரோ மனம் வைத்துத் தருவது. கை கடித்தால் முதலில் நிற்பதும் அதுதான். கேட்டால், "அதான் மெந்தாரி இருக்கே" என்பார்கள். அரசின் சமூக மனநல மையத்தைச் சொல்கிறார்கள். இருக்கிறது, நல்லதுதான். அங்கே போகிறவர்களில் சிலரும் எங்கள் வேனில்தான் போகிறார்கள்.

தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வு 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6. இதை எங்கள் மனுவின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தேன். "அதனாலதான் அக்கா, விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குக் கூடுதலா ஒதுக்கறோம்" என்றார் அதிகாரி. டி-சட்டை, மேடை, பலூன். நான் கொண்டுபோன எண்ணை வைத்தே என் வாயை அடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பார். எங்களிடம் வாராவாரம் வருவது அதே முகங்கள்தான். அது எந்த அறிக்கையில் எடுபடும்?

உறுத்துவது வேறு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்ட பிறகுதான் வியாழக்கிழமைகளில் சிலர் வாய் திறந்தார்கள். 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று மகனின் கதையை மறைத்துவைத்திருந்த ஓர் அம்மா, தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். டீ ஆறிப்போனது, குடிக்கவில்லை. அவர் மகன் வேனில் வருகிறவன்தான். கூட்டம் நின்றதைச் சொன்னபோது, "வேன் வருதுல்ல, அது போதும்மா" என்றார். நிஜமாகவே போதும் என்றாரா, எனக்காகச் சொன்னாரா? மாதக் கடைசியில் ஊசி நாளை அவனுக்கு ஞாபகப்படுத்தி, சட்டை மாட்டி, கீழே அனுப்புவது அவர். அவர் ஓய்ந்துவிட்டால் வேன் யாரை ஏற்றும்? இது அந்த மேசையில் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வேன் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கான மானியப் பாரம் வந்திருக்கிறது. முன்னுரிமை வரிசை என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் 1 என்று போட்டிருக்கிறேன். தோழி அனுப்பச் சொல்கிறாள். இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்களோ என்று நான் இன்னும் அனுப்பவில்லை.