பீப்பாயிலிருந்து அறிக்கைவரை: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3

சரக்குச் சீட்டில் ‘நறுமண எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை நம்பி முத்திரை போட்டுவிடக் கூடாது. போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை, எக்ஸ்டசி என்ற போதைமாத்திரைக்கு மூலப்பொருளாகும் சாஃப்ரோலை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. மெத்தாம்ஃபெட்டமினுக்கு மூலப்பொருளான எஃபெட்ரினும் எல்எஸ்டிக்கு மூலப்பொருளான எர்கோட்டமினும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. சட்டம் வேதிப்பொருளின் பெயரைச் சொல்கிறது. மரத்திலிருந்து வடித்த எண்ணெயோ எந்தப் பெயரிலும் கப்பலேறும். சசாஃப்ராஸ் எண்ணெயில் சாஃப்ரோல் 80 சதவீதத்தைத் தாண்டும், ஜாதிக்காய் எண்ணெயில் கொஞ்சம்தான். எனவே வழக்கு நிற்பதும் விழுவதும் சாஃப்ரோலின் அளவைப் பொறுத்தது.

பிப்ரவரி 4

அந்த அளவு பெரும்பாலும் கெடுவது கிடங்கில்தான், கருவியில் அல்ல.

சாஃப்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 1.09. வடித்தபோது தங்கிய நீர் அடியில் நிற்காது, மேலே மிதக்கும். மேலாக மொண்டால் குப்பியில் வருவது நீர். நீண்ட கண்ணாடிக் குழாயை அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்க வேண்டும். சுமார் 11 டிகிரிக்குக் கீழே சாஃப்ரோல் உறையும் என்பதையும் மறக்கக் கூடாது. குளிர்ந்த கிடங்கில் அது அடியில் படிகமாகிவிட்டால் மேலே நிற்கும் திரவத்தில் அளவு குறைத்தே காட்டும். பீப்பாயை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து, நன்றாகக் கலக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

10 பீப்பாய்வரை எல்லாவற்றிலும் மாதிரி. 100 வரை 10 பீப்பாய். அதற்கு மேல் எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 144 இருந்தால் 12.

மாதிரிக்குக் கண்ணாடிக் குப்பியும் டெஃப்லான் உறையுள்ள மூடியும் வேண்டும். பிளாஸ்டிக் குப்பியில் வைத்தால் அதிலுள்ள, பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகள் கரைந்து, நிறை நிரலில் (மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் வரைபடத்தில்) 149 என்ற துண்டாகத் தலைகாட்டும்.

ஒரு சொட்டை நீரில் விட்டு, மூழ்குகிறதா என்று பார்ப்பது உதவும், ஆனால் முடிவாகாது. கிராம்பு எண்ணெயும் மூழ்கும். லேசான எண்ணெயைக் கலந்துவிட்டால் சாஃப்ரோல் இருந்தும் மிதக்கலாம்.

பிப்ரவரி 7

ஜிசி-எம்எஸ்ஸில், அதாவது கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளின் நிறையையும் காட்டும் கருவியில், சாஃப்ரோலின் மூலக்கூறு அயனி (உடையாத முழு மூலக்கூறின் நிறை) 162. அதே அணுக்கள் சற்று வேறாக அமைந்த ஐசோசாஃப்ரோலுக்கும் அதே 162, நிறை நிரலும் ஏறக்குறைய அதேதான். கருவியின் நிரல் நூலகம் காட்டும் பொருத்தத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதினால் குறுக்கு விசாரணையில் அறிக்கை உடைந்துவிடும். இரண்டின் தரநிலை மாதிரிகளையும் அதே நாளில், அதே நிரலியில் (கலவையைப் பிரிக்கும் குழாயில்) ஓட்டி, வெளிவரும் நேரத்தைக் காட்ட வேண்டும்.

அளவிடும்போது நேரும் பெரிய தவறு, போதிய அளவு நீர்க்காமல் செலுத்துவது. உணர்கருவி நிரம்பிவிட, தெரிந்த அளவுகளை வைத்து வரைந்த அளவுக்கோடு உச்சியில் வளையும். உண்மையைவிடக் குறைந்த எண் வரும். அளவுக்கோட்டின் நடுவில் விழும்வரை நீர்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் வெறும் கரைப்பானை ஓட்டினால்தான் முந்தையதன் மிச்சம் அடுத்ததில் ஏறவில்லை என்று சொல்ல முடியும்.

பிப்ரவரி 8

முத்திரை எண், எடை, கைமாறிய நேரம். பகுப்பாய்வுக்கு எடுத்த அளவையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எடைக் குறைவுக்கு விளக்கம் இருக்காது.

பிப்ரவரி 12

2008 ஜூனில் கம்போடியாவின் பூர்சாட் மாகாணத்தில் சாஃப்ரோல் நிறைந்த எண்ணெய் 33 டன் அழிக்கப்பட்டது. இந்த எண்ணெயை வேரிலிருந்து வடிப்பதால் மரம் மிஞ்சாது. போதைத் தடுப்பைப் பற்றிப் பேசும்போது காட்டையும் சேர்த்துப் பேசாதது எனக்கு எப்போதும் உறுத்தும்.

பிப்ரவரி 15

எஃபெட்ரின் செடியிலிருந்து வந்ததா, நொதித்தல் வழியில் வந்ததா, முழுக்க ஆலையில் உருவானதா? கார்பன், நைட்ரஜன், ஹைட்ரஜன் ஓரிடத்தான் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதங்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பிரித்தறியலாம். ஒன்றை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. ஹைட்ரஜனில் கூடுதல் கவனம் வேண்டும்: ஆக்ஸிஜனிலும் நைட்ரஜனிலும் ஒட்டியுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஈரத்தோடு இடம் மாறும். மாதிரியையும் தரநிலையையும் ஒரே அறையில், ஒரே ஈரப்பதத்தில் சில நாள் வைத்த பிறகே அளக்க வேண்டும்.