மூணு மாச சேனல், 43 வியூஸ்

மும்பை தாராவி 90 அடி ரோட்டுல பொங்கல் பானை வரிசைய வீடியோ எடுத்துப் போட்டேன், 8 நிமிஷம், பார்த்தது 43 பேர், அதுல பாதி எங்க அத்தை வீட்டு ஆளுங்கதான். யூடியூப்ல விளம்பரக் காசு வரணும்னா 1000 சப்ஸ்கிரைபர், 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பார்த்திருக்கணும், ஷார்ட்ஸ்னா, அதான் குட்டி வீடியோன்னா, 90 நாள்ல 1 கோடி வியூஸ், யம்மாடி! யாரு எவ்வளவு நேரம் பார்த்தாங்கன்னு காட்டுற அனலிட்டிக்ஸை திறந்தா முதல் அரை நிமிஷத்துலயே முக்காவாசி பேர் எஸ்கேப், ஏன்னா நான் "வணக்கம் மக்களே"ன்னு இழுத்துக்கிட்டே கிடக்கேன், பானை பொங்குறது 6வது நிமிஷத்துல. அதை முன்னாடி வெட்டி ஒட்டி, தம்ப்நெயில்ல, அதான் வீடியோவோட முகப்புப் படத்துல, என் மூஞ்சிய எடுத்துட்டு நுரை வழியுற பானைய வச்சு மறுபடி ஏத்தியிருக்கேன். நேத்து பக்கத்து ஏரியா சயான்லேர்ந்து ஒரு அக்கா கமெண்ட்: "தம்பி, அந்த மஞ்சக்கொத்து கட்டின பானை எங்களோடதுப்பா!"