காதில் ஊசி குத்திக்கொள்ள நான் பட்ட பாடு

காது அக்குபஞ்சர் செய்துகொள்வதற்காகத் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போன முதல் இரண்டு நடையும் எனக்கு வீண். அந்த மருத்துவர் செவ்வாயும் சனியும் மட்டுமே வருவார் என்பதை, தொலைபேசியில் ‘காலையில வாங்க’ என்று சொன்ன வரவேற்புப் பெண் சொல்லாமல் விட்டுவிட்டதால், ஒரு வியாழக்கிழமை வடசேரியில் பேருந்து இறங்கி, வெயிலில் நடந்து போய், பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ‘நீங்க கிழமை கேக்கல்லியே அக்கா’ என்பதுதான் அவர் தந்த விளக்கம். இரண்டாம் நடை வீணானதற்குக் காரணம் என் காதிலேயே இருந்தது.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடல் முழுவதும் நீடித்த வலி தரும் நோய், என்று உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வரும் நோய் இது; அதனாலேயே வீட்டில் உள்ளவர்கள் முழுமையாக நம்புவதும் இல்லை. வர்ம மருத்துவத்துக்குப் பேர்போன குமரி மாவட்டத்தில் இருப்பதால், வர்ம ஆசான் ஒருவரின் பெயரோடு வராத உறவினர் இல்லை. பிரிகாபலின் மாத்திரை வலியைக் கொஞ்சம் குறைத்தாலும் பகலில் தலையைத் தூக்க விடாது. மூட்டுவாத மருத்துவரிடம் கேட்டபோது, காது அக்குபஞ்சரை மட்டும் தனியாக வைத்துச் செய்த ஆய்வுகள் குறைவு என்றும், மாத்திரையை நிறுத்தாமல் துணைச் சிகிச்சையாகச் செய்து பார்ப்பதில் தவறில்லை என்றும் சொன்னார். அதை ஒரு கடிதமாக எழுதி வாங்கியது நல்லதாயிற்று.

இரண்டாம் நடையில் மருத்துவர் இருந்தார். பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் பால் நோஜியே 1950களில் வகுத்த வரைபடத்தைக் காட்டினார்: தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் குழந்தையின் வடிவம் காதில் இருப்பதாகவும், மடலின் அடிநுனி தலைக்கும் நடுவிலுள்ள மேடு முதுகெலும்புக்கும் உரியவை என்றும் அந்த முறை கொள்கிறது. பிறகு என் வலது காதைத் திருப்பிப் பார்த்தவர், மேல்காதிலுள்ள கல்தோட்டைக் கழற்றினால்தான் ஊசியும் பிளாஸ்திரியும் சரியாக உட்காரும் என்றார். கல்யாணத்துக்கு முன் குத்திய தோடு அது. 22 ஆண்டுகளாகக் கழற்றியதே இல்லை. சோப்பும் எண்ணெயும் இறுகிப்போன திருகாணி அசையவில்லை. போன் செய்தபோதே ‘காதில் என்ன போட்டிருக்கிறீர்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

தக்கலையில் எங்கள் ஆசாரியிடம் போனேன். சூடாக்கிய தேங்காயெண்ணெயைச் சொட்டு சொட்டாக விட்டு, கால்மணி நேரம் ஊறவைத்து, ‘அசையாம இரு மக்களே’ என்று சொல்லிக்கொண்டே சின்னக் குறடால் பிடித்து ஒரு திருகு திருகினார்; கறுத்துப்போன திருகாணி என் உள்ளங்கையில் விழுந்தது. கண்ணில் நீர் வந்தாலும், அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழுங்கிய கம்பியால் காது முழுவதும் அழுத்திப் பார்த்து, சுள்ளென்று வலித்த ஐந்து இடங்களில், பிளாஸ்திரியில் ஒட்டிய மிகச் சிறிய ஊசிகளைப் பதித்து, மூன்று நாள் வைத்திருக்கச் சொன்னார்கள். தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை தலையணையில் இரண்டு பிளாஸ்திரி கிடந்தன; ஊசியோடு கிடந்ததால், குழந்தைகள் உள்ள வீட்டில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இரண்டாம் அமர்வுக்குப் பிறகு ஓர் இடம் சிவந்து சூடானதும், மூன்று நாள் கணக்கைப் பார்க்காமல் எடுத்துவிட்டு உடனே காட்டினேன். காதுக் குருத்தெலும்புக்குத் தனி ரத்தக்குழாய் கிடையாது என்பதால் அங்கே சீழ் பிடித்தால் எளிதில் ஆறாது. சர்க்கரை நோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2019இல் மத்திய அரசு அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது என்ற தைரியத்தில் காப்பீட்டுக்கு அனுப்பினேன். ரசீதில் மருத்துவரின் பதிவு எண் இல்லை என்று திருப்பினார்கள். மூன்று முறை கேட்டு எண்ணோடு ரசீது வாங்கி அனுப்பியபின், மருத்துவமனையில் சேராமல் எடுத்த சிகிச்சைக்குத் தர இயலாது என்றார்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் சொல்லியிருந்தால் நான் அந்த வரவேற்புப் பெண்ணிடம் மூன்று முறை நின்றிருக்க வேண்டாம்.

ஆறு அமர்வுகள் முடிந்துள்ளன. தோள்பட்டை வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரவில் நான்கு முறை விழித்தவள் இப்போது ஒரு முறை விழிக்கிறேன். அது ஊசியாலா, மாலை நடையாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை. ஊசிக்குப் பதிலாக, பிளாஸ்திரியில் ஒட்டிய விதைகளை வைத்து ஒரு நாளைக்கு மூன்று வேளை நானே அழுத்திவிடும் முறைக்கு மாறியிருக்கிறேன். விதைகளை ஒட்டும் நாளுக்கு முந்தின இரவு தலையில் எண்ணெய் வைப்பதில்லை.