கன்னவாக் குறிப்பேடு

ஜனவரி 13

ஜப்பானின் பெப்பு ரயில் நிலையத்திலிருந்து வெந்நீர் ஊற்றுப் பகுதியான கன்னவாவுக்குப் பேருந்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம். பின்வாசலில் ஏறும்போதே எண் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது முன்பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தெரியும் தொகையைப் பெட்டியில் போட வேண்டும்.

அக்காவும் அத்தானும் வந்து தங்கப்போகும் விடுதி கஷிமா வகை: பாயறை, மடிக்கும் மெத்தை, ஊற்றுநீர்க் குளியல், வெளியே ஆவியடுப்பு. சாப்பாடு நம் பாடு. வாடகை குறைவது அதனால்தான். குளியல் வரி தனி. பெட்டியின் சக்கரம் பாயில் படக் கூடாது. மெத்தையைக் காலையில் மடித்து வைக்காவிட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

தொட்டியருகே வெப்பமானி இல்லை.

ஜனவரி 14

உடைமாற்றும் அறைச் சுவரில் ஊற்றுநீர்ப் பகுப்பாய்வுச் சான்று. எல்லோரும் தாண்டிப் போகும் காகிதம். முதலில் படிக்க வேண்டியது அதுதான். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊற்றுவாயில் 25 டிகிரி இருந்தாலே போதும், அல்லது பட்டியலில் உள்ள பொருள்களில் ஒன்று போதிய அளவு இருந்தால் போதும், அது ஒன்சென் (வெந்நீர் ஊற்று) தான். எனவே பெயர்ப்பலகையை நம்பி எதுவும் முடிவுசெய்ய முடியாது. சான்றில் பார்க்க வேண்டியவை: தேதி (பத்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை கட்டாயம்), ஊற்றுவாய் வெப்பம், அமிலத்தன்மை, ஒரு கிலோ நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. இங்கே சோடியம் குளோரைடு. தோலில் மெல்லிய உப்புப் படலம் தங்கி வியர்வை ஆவியாவதைக் குறைக்கும், உடம்புச் சூடு சீக்கிரம் இறங்காது. அதனால் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மலைமேல் மியோபானில் அமில நீர். அங்கே மெல்லிய தோல்காரர்கள் கழுவிவிட்டே கிளம்ப வேண்டும்.

பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பு: தண்ணீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, சுழற்றி வடிகட்டுகிறார்களா, மருந்து போடுகிறார்களா. 2005 முதல் இதை எழுதி ஒட்டியாக வேண்டும். நகர நடுவிலுள்ள மாடி விடுதிகளில் பெரும்பாலும் சுழற்சி நீர்தான். லெஜியனெல்லா கிருமிக்கு அஞ்சி லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் அளவில் குளோரின் வைத்திருப்பார்கள். தப்பில்லை, வாசனை வேறு, அவ்வளவே. இங்கே நீர் வந்து வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது. தண்ணீர் கலப்பு "உண்டு" என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. அதுதானே வேண்டும்.

ஜனவரி 15

அக்காவின் மருத்துவ முடிவு பற்றி அத்தானிடமிருந்து அழைப்பு இல்லை. தொட்டி காலை 43.5, இரவு 44.

ஜனவரி 16

மிதக்கும் வெப்பமானியை அப்படியே போட்டால் பொய் சொல்லும். மேல்நீருக்கும் அடிநீருக்கும் ஓரிரு டிகிரி வித்தியாசம் இருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு, முழங்கை ஆழத்தில் ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும்.

கன்னவா ஊற்றுகள் கிட்டத்தட்ட கொதிநிலையில் வெளியே வருகின்றன. குளிக்கும் சூட்டுக்கு இறக்க இரண்டு வழி. பச்சைத் தண்ணீர் கலப்பது சுலபம், ஆனால் உப்பு நீர்த்துப்போகும். உள்ளே வரும் ஊற்றுநீரைக் குழாயில் குறைப்பது மெதுவான வழி. தொட்டி தானாக ஆறிக்கொள்ளும். கிளைத்த மூங்கில் குச்சிகளின் மேல் நீரை வடியவிட்டு ஆற்றும் யூமேதாக்கே அமைப்பும் இங்கே உண்டு. துளி கலக்காமல் நொடிகளில் ஐம்பதுக்குக் கீழே இறக்கிவிடும். எங்கள் விடுதியில் இல்லை. இங்கே குழாய்த் திருகுதான், அதிலும் உள்ளே உப்பும் சிலிகாவும் படிந்து அடைத்துக்கொள்ளும். நேற்று வைத்த அதே திருகளவு இன்று அதே சூட்டைத் தராது.

42-க்குக் கீழே வேண்டும்.

ஜனவரி 17

ஆவியடுப்பு: மூங்கில் கூடையில் அடுக்கி, கல்தொட்டிக்குள் இறக்கி, மரமூடி போட்டு, ஆவித் திருகைத் திறக்க வேண்டும். எடுக்கும்போது முதலில் திருகை மூடிவிட்டு, மூடியை நமக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்க வேண்டும். நீளக் கையுறை கட்டாயம். சர்க்கரைவள்ளி அரை மணி, பருமனாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம். முட்டைக்கோஸ் பத்து நிமிடம். ஆவியிலேயே உப்பு இருப்பதால் உப்பு போடக் கூடாது, அக்காவுக்கு உப்பு அளவு வேறு. இட்லிப் பானைக்குப் பழகிய கைக்கு ஒன்றே ஒன்றுதான் புதிது: தண்ணீர் வற்றுமோ என்ற கவலை கிடையாது.

ஜனவரி 18

சுவரில் குளிக்கக் கூடாதவர்கள் பட்டியல். அரசு வழிகாட்டுதல், எல்லா விடுதியிலும் ஏறக்குறைய ஒன்றே. காய்ச்சலோடு தீவிரமாக இருக்கும் நோய். முற்றிய புற்றுநோய், கடுமையான இரத்தச்சோகை. சற்று அசைந்தாலே மூச்சு வாங்கும் கடுமையான இதய, நுரையீரல் கோளாறு. உடம்பு வீங்கும் அளவுக்குச் சிறுநீரகக் கோளாறு. குடலில் இரத்தக்கசிவு. கர்ப்பம் 2014-இல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. முதியவர்களும் இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களும் 42-ஐயும் அதற்கு மேலான சூட்டையும் தவிர்க்க வேண்டும்.

"சற்று அசைந்தாலே." மாடிப்படி ஏறினால் வாங்குவது அசைவா? பத்துப் படியா, இருபதா? பட்டியலில் அது இல்லை, மருத்துவரிடம்தான் இருக்கும். முடிவு வரட்டும்.

குளிர்கால ஆபத்து தொட்டியில் மட்டும் இல்லை. சில்லென்ற அறையில் துணி களையும்போது அழுத்தம் ஏறும், சூட்டில் இறங்கியதும் விழும். எழுந்து நிற்கையில் தலை சுற்றும். அதனால்: முன்கூட்டியே உடைமாற்றும் அறையைச் சூடாக்கு. பாதத்தில் தொடங்கி மேல்நோக்கிப் பத்துக் கிண்ணமாவது ஊற்று. முதலில் மூன்று நிமிடம், மார்புக்குக் கீழே மட்டும். விளிம்பைப் பிடித்து மெதுவாக எழு. பிறகு அரை மணி ஓய்வு, ஒரு தம்ளர் தண்ணீர். சாப்பிட்ட கையோடு கூடாது.

ஜனவரி 19

43. திருகை இன்னும் கால் சுற்று மூடச் சொன்னேன். விடுதிக்கார அம்மா சிரித்தார்.

ஜனவரி 20

மெட்டி. வெள்ளி. மியோபான் பக்கம் கந்தகத்தில் ஒரே குளியலில் கறுத்துவிடும். கன்னவாவில் அவ்வளவு வேகமில்லை, ஆனாலும் கழற்றிவிடலாம். அக்கா கழற்ற மாட்டாள். கறுத்தால் கறுக்கட்டும், அலுமினியத் தாள், சோடா உப்பு, வெந்நீர் போதும். கைப்பேசியையும் ஆவிப்பக்கம் வைக்கக் கூடாது. இந்த ஊரில் குளிர்சாதனப் பெட்டியின் செப்புக் குழாயே அரித்துப் போகிறது.

ஜனவரி 22

தாக்கெகவாரா, பெப்புவின் பழைய பொதுக் குளியல் கூடம். 1879-இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1938. தரைமட்டத்துக்குக் கீழே தொட்டி, படியிறங்கிப் போக வேண்டும். சோப்பும் துண்டும் கொண்டுபோக வேண்டும். கூரை அழகுதான். தண்ணீர் அக்காவுக்கு ஆகாது.

ஜனவரி 23

தொடங்கி மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் சிலருக்குச் சோர்வு, தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு வரும். இதற்கு இங்கே யுஅதாரி என்று பெயர். வந்தால் குளியலை நிறுத்து, அல்லது குறை. முதல் சில நாள் ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை. அவளிடம் இதை எப்படிச் சொல்வது, வந்த அன்றே மூன்று முறை இறங்குவாள்.

ஜனவரி 24

41.5.

ஜனவரி 25

அத்தான் பேசினார். அறிக்கையைக் கையோடு கொண்டுவருகிறார்களாம், அதற்கு மேல் சொல்லவில்லை. ஹகாட்டாவிலிருந்து சோனிக் விரைவு ரயில், இரண்டு மணி நேரம். கொக்குராவில் ரயில் திசை மாறும். உட்கார்ந்திருப்பவர்களே இருக்கையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடியில் மிதிகட்டை இருக்கும். அக்கா குனிய வேண்டாம், அத்தான் மிதிக்கட்டும்.