நடக்க முடிந்தவளுக்கு எதற்குச் சக்கர நாற்காலி?

என்னால் நடக்க முடியும். வீட்டிலிருந்து நூலகத்துக்குப் பெரும்பாலும் நடந்தேதான் போய் வருகிறேன். ஆனால் நூலகத்தில் எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றிருந்தால், புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு நாற்காலியைத் தேடிப் போய்விடுவேன். ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுதான் எனக்கு முடியாத காரியம். ஆகவே, சென்ற மார்ச் மாதம் அக்காவின் குடும்பத்தோடு ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவதென்று முடிவானபோது, என் மடக்கும் சக்கர நாற்காலியைக் காரின் பின்புறத்தில் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டேன்.

எனக்கிருப்பது பாட்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோய். எழுந்து நிற்கும்போது இரத்தத்தின் ஒரு பகுதி கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்கித் தேங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான்; நலமாக இருப்பவர்களின் நரம்பு மண்டலம் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நொடிகளில் அதைச் சரிக்கட்டிவிடும். எங்கள் உடலில் அந்தச் சரிக்கட்டல் போதிய அளவு நடப்பதில்லை என்பதால், மூளைக்கு இரத்தத்தை ஏற்றும் பொறுப்பு முழுவதையும் இதயம் தன் தலையில் போட்டுக்கொண்டு விரைந்து துடிக்கிறது. எழுந்து நின்ற பத்து நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடுவதைத்தான் பெரியவர்களிடம் இந்நோயின் முக்கிய அடையாளமாகக் கொள்கிறார்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக் கொடுப்பதால் ஓரளவு சமாளிக்கலாம். நின்றுகொண்டிருக்கையில் அந்த உதவியும் இல்லை. வெயில் இரத்தக் குழாய்களை மேலும் விரித்துவிடும். வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பது என்பது, என் உடலுக்கு எவையெல்லாம் ஆகாதோ அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து வைத்த ஏற்பாடு.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இந்த விளக்கம் எதுவும் மனத்தில் ஏறவில்லை. "நல்லாத்தானே நடக்கே. இதுல எதுக்கு உக்காருதே? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்று டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோ போய்ச் சேரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார். அவருடைய கேள்வியில் இருந்த அச்சம் எனக்குப் புரிந்தது. அவர் வளர்ந்த ஊரில் சக்கர நாற்காலி என்பது மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மட்டுமே காணக் கிடைத்த பொருள். அதில் உட்கார்ந்தவர்கள் திரும்ப எழுவார்களா என்று உறவினர்கள் கவலையோடு பார்த்து நின்ற பொருள். மகள் தானாகவே விரும்பிப் போய் அதில் உட்காருவது, வரக்கூடாத ஒன்றை வா என்று அழைப்பதைப் போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டிஸ்னி வேர்ல்டில் நாங்கள் முதலில் போன மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலைத் தாண்டியதும் மெயின் ஸ்ட்ரீட் என்ற தெரு தொடங்குகிறது. அந்தத் தெருவின் நடுவே குதிரை இழுக்கும் டிராம் வண்டிக்கான தண்டவாளம் பதிக்கப்பட்டிருக்கிறது. என் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே கோட்டையை நிமிர்ந்து பார்த்த வேளையில், முன்புறத்துச் சிறு சக்கரம் ஒன்று அந்தத் தண்டவாளப் பள்ளத்தில் இறங்கிச் சிக்கியது. வண்டி சட்டென்று நிற்க, நான் முன்னால் சரிந்தேன். கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததால் விழவில்லை. தண்டவாளத்தைக் கடக்கும்போது சரிவாகப் போகாமல் நேர் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும் என்பதை அங்கே தெரிந்துகொண்டோம். பேருந்தில் ஏறும்போதும் சாய்தளத்தில் இறங்கும்போதும் எனக்கிருந்த கவனம் வெறும் சமதளத் தெருவில் தளர்ந்துவிட்டது. தள்ளுபவர் தொலைவைப் பார்க்கிறார், உட்கார்ந்திருப்பவர் தரையைப் பார்க்கிறார். ஆகவே தரையைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்று அதன் பிறகு வைத்துக்கொண்டோம்.

அங்கே பல சவாரிகளின் வரிசைப் பாதைகள் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கின்றன. நாற்காலியில் இருப்பவரும் மற்றவர்களோடு அதே வரிசையில் காத்திருந்து முன்னேறுகிறார். நாற்காலி இருந்தால் வரிசையைத் தாண்டிப் போய்விடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பெரும்பாலும் உண்மையன்று. எனக்கு அது தேவையுமில்லை. எனக்குக் காத்திருப்பதில் சிக்கல் எதுவும் இல்லை, உட்கார இடம் இருந்தால் போதும். ஆனால், குடல் அழற்சி நோய் உள்ள என் தோழி ஒருத்திக்கு எந்த நேரத்தில் கழிப்பறைக்கு ஓட நேரும் என்று சொல்ல முடியாது. உட்காருவதால் அவளுக்கு எந்தப் பயனும் இல்லை. வரிசைக்கு வெளியே காத்திருந்து குறித்த நேரத்தில் திரும்பி வரும் டாஸ் என்ற ஏற்பாடு 2013-இல் தொடங்கப்பட்டது. 2024 மே மாதத்திலிருந்து அது, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுகளால் நீண்ட நேரம் வரிசையில் இருக்க முடியாதவர்களுக்கானது என்று வரையறுக்கப்பட்டுவிட்டது. முன்பு பலர் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், கண்ணுக்குத் தெரியாத உடல்நோய் உள்ளவர்களை ஒரே வகையினராகக் கருதி, நாற்காலியே எல்லோருக்கும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் சவாரியில், நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வகையில் அமைத்த படகு இருக்கிறது. அக்கா மகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பி, "சித்தி, அங்க பாருங்க" என்று பொம்மைகளைக் காட்டிக்கொண்டு வந்தாள். வேறு எந்த யோசனையும் இல்லாமல் பதினைந்து நிமிடங்கள் அவளோடு இருந்தேன். அதற்கு எதிரே உள்ள பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டில் நிலைமை வேறு. 1971 அக்டோபரில், பூங்கா திறந்த அதே வாரத்தில் தொடங்கிய சவாரி அது. ஓடிக்கொண்டே இருக்கும் நகர்மேடையில் நடந்து சென்றுதான் அதில் ஏற வேண்டும். மேடையை நிறுத்துவதில்லை என்பதால், எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு அங்கே வழியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டம் வந்ததே 1990 ஜூலை 26 அன்றுதான். அதற்குச் சில மாதங்களுக்கு முன், மார்ச் 12 அன்று, அந்தச் சட்டத்தை நிறைவேற்றக் கோரி, சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு ஏறத்தாழ அறுபது பேர் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களுள் ஜெனிஃபர் கீலன் என்ற எட்டு வயதுச் சிறுமியும் இருந்தாள். புதிதாகக் கட்டப்படும் சவாரிகளில் நாற்காலிக்கான இடமோ, இடம் மாறி அமர வசதியுள்ள இருக்கையோ இருக்க வேண்டும் என்ற விதி அதற்கும் பிறகு, 2012 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. நான் அன்று உருண்டு சென்ற ஒவ்வொரு சாய்தளத்துக்குப் பின்னாலும் அந்தப் படிகள் இருக்கின்றன என்பதை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

நான் எழுந்து நடக்கக் கூடியவள் என்பதால் பீட்டர் பேன்ஸ் ஃப்ளைட்டில் ஏறினேன். நாற்காலியிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தபோது, பின்னாலிருந்த ஒரு பெண்மணி தன் துணைவரிடம், "பார், நன்றாகத்தானே நடக்கிறாள்" என்று எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். காரில் தாம் கேட்ட அதே கேள்வியை முன்பின் தெரியாத ஒருவரின் வாயிலிருந்து கேட்டதும் அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இறங்கி வந்ததும் தம் கைப்பையைத் திறந்து, காலையில் அக்கா வீட்டில் கலந்து எடுத்து வந்திருந்த உப்பு மோரை என்னிடம் நீட்டினார். தண்ணீரும் உப்பும் கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மருத்துவர் சொன்ன முதல் அறிவுரை. இரத்தக் கொதிப்புக்காகப் பல ஆண்டுகளாக உப்பைக் குறைத்துச் சமைத்துவந்த அம்மாவுக்கு, ஒரு மருத்துவர் மகளை உப்புத் தின்னச் சொல்கிறார் என்பதே அதுவரை நம்ப முடியாத செய்தியாக இருந்தது. உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது என்பதையும், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் யாரும் இதைப் பின்பற்றக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று கடையில் இருந்தவர்கள், அருகில் நின்ற பயணிகள் எனப் பலர், எனக்கு என்ன வேண்டும் என்று என் கணவரிடமே கேட்டார்கள். தள்ளுபவரின் முகம் அவர்கள் கண்மட்டத்தில் இருப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவர் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லாமல் என்னைக் குனிந்து பார்த்தார். கேட்டவரின் பார்வையும் அவரைப் பின்தொடர்ந்து என்னிடம் வந்து சேர்ந்தது. நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டதல்ல அது, அவராகவே செய்தது.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுவிட்டோம். இதற்கு முன் ஒரு கோடையில் நாற்காலி இல்லாமல் வேறொரு பூங்காவுக்குப் போய், மூன்றாவது வரிசையில் கண் இருண்டு தரையில் உட்கார்ந்து, அதன் பின் நான்கு நாட்கள் படுக்கையில் கிடந்தவள் நான். இந்த முறை மறுநாள் முற்பகல் வரை மட்டும் படுத்திருந்தேன். மோனோரயில் நிலையத்துச் சரிவில் என்னை ஏற்றியதில் கணவருக்குத் தோள் வலி எடுத்திருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு நாட்கள் கழித்து டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட் போவதாக இருந்தது. அங்கே பதினொரு நாடுகளின் அரங்குகளைப் பார்க்க ஓர் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மோர்ப் பாத்திரத்தில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, "அங்கேயும் தண்டவாளம் உண்டா?" என்று கேட்டார்.